கதவில் ஒட்டிய சம்மன்

அத்தியாயம் 6

"இந்தக் காகிதத்துல எழுதியிருக்கறது பொய்னு மத்தியானம் ரெண்டரைக்குள்ள நிரூபிச்சுட்டா, குழந்தை இவகிட்டயே இருக்கும். இல்லேன்னா புதன்கிழமை அப்பன் கையில ஒப்படைக்கணும். வியாழக்கிழமை விமானம். அவ்வளவுதான் கேஸ்."

வக்கீல் அம்மா காகிதத்தை மேஜையின் மேல் தள்ளினார். திங்கட்கிழமை. மணி பத்தேகால்.

காகிதத்தை எடுத்தவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஒல்லியான உடம்பு. குடும்பநலக் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். கோர்ட் வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் இன்னமும் 'டைப்பிஸ்ட்'தான். அவருடைய உதவியாளர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். வேலையை விட்டுவிட்டாள். பெயரும் குரலும் அவளை விடவில்லை.

"மூணு சீட்டுதான் இருக்கு. நான் படியிலயே நின்னுக்கறேன்," என்றாள் கண்டக்டர்.

மூன்றாவது நாற்காலியில் இருந்தவள் சிரிக்கவில்லை. அவள்தான் தாய். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. நக இடுக்கில் வெள்ளைப் பொடி தங்கியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் புருஷனோடு ஒத்துவராமல், ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தகப்பனார் வீட்டுக்கு வந்தவள். புருஷன் விவாகரத்துக் கேட்டதும், குழந்தையைக் கேட்டதும், வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டதும், கேட்டதெல்லாம் கிடைத்ததும் அவளுக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரியும். தீர்ப்பின் நகல் பட்டறை விலாசத்துக்கு வந்திருந்தது.

"எனக்கு என்னதான் மேடம் வழி இருக்கு? ஒரு தடவை புரியற மாதிரி சொல்லுங்க."

"அப்பீல் போகலாம். ஒரு வருஷம் ஆகும். சூழ்நிலை மாறிடுச்சுன்னு புதுசா மனு போடலாம். குழந்தை விஷயத்துல எந்தத் தீர்ப்பும் கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனா அது முடியறதுக்குள்ள உன் பொண்ணு வேற நாட்டுல, வேற ஸ்கூல்ல, வேற பாஷை பேசிக்கிட்டிருப்பா. இன்னொரு வழி, 'எனக்குச் சம்மனே வரலை, எனக்குத் தெரியாமலே தீர்ப்பாயிடுச்சு'ன்னு சத்தியம் பண்ணி மனு போடறது. அது உண்மைன்னு தெரிஞ்சா நீதிபதி இன்னிக்கே தீர்ப்பை நிறுத்தி வைப்பார். வழக்கு முதல்லேருந்து நடக்கும். நீயும் பேசலாம். நீ பேசினா ஆறு வயசுப் பொண்ணை உன்கிட்டேருந்து லேசுல பிரிக்க முடியாது."

"ஜீவனாம்சம் கூட எனக்கு..."

"அதை அப்புறம் பார்ப்போம். பணம் லேட்டா வந்தாலும் பணம்தான். குழந்தை அப்படி இல்லை."

டைப்பிஸ்ட் காகிதத்தைப் படித்தார். சம்மன் கொண்டுபோன கோர்ட் ஊழியரின் அறிக்கை. மூன்று மாதத்துக்கு முந்தைய மூன்றாம் தேதி. காலை பதினொரு மணி. மூன்றாம் மாடி, ஒன்பதாம் எண் வீடு பூட்டியிருந்தது. சம்மன் கதவில் ஒட்டப்பட்டது.

"ஒட்டவே இல்லை," என்றாள் தாய். "தினமும் அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்துடறேன். ஒரு நாள் கூடக் கதவுல துண்டுக் காகிதம் பார்த்ததில்லை. வராமலே வந்ததா எழுதியிருக்கான் அந்த ஆள். என் வீட்டுக்காரர்தான் ஏதோ கொடுத்து எழுத வெச்சிருக்கார்."

"உங்க கதவு என்ன நிறம்?"

"பழுப்பு. எதுக்குக் கேக்கறீங்க?"

"வந்தவன் கதவைப் பார்த்திருப்பான். வராதவன் யோசிப்பான்." டைப்பிஸ்ட் எழுந்தார். "போலாம், கண்டக்டர்."

"ரைட், ரைட்!"

*

கோர்ட் கட்டடத்தின் பின்பக்க வராந்தாவில், ஒரு வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் சம்மன்காரர். வாளியில் பசை. குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானச் சாப்பாடா?" என்றாள் கண்டக்டர்.

"சாப்பிட்டா வாய் திறக்காது. உனக்கு ஒரு கரண்டி தரட்டுமா?"

டைப்பிஸ்டுக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. பழைய சகாக்கள் என்ற உரிமையில் பக்கத்தில் உட்கார்ந்தார். "கடைப் பசை வாங்கக் கூடாதா?"

"கடைப் பசை காத்தடிச்சா போயிடும். இது மாவு காய்ச்சி, பூச்சி அரிக்காம இருக்கத் துத்தம் போட்டது. பதினெட்டு வருஷமா என் கையால காய்ச்சறேன். ஒட்டினா ஒட்டினதுதான். உரிக்கணும்னா கதவோட பெயிண்ட்டையும் சேர்த்துத்தான் உரிக்கணும்."

"மூணாம் தேதி ஒரு சம்மன். மூணாம் மாடி, ஒன்பதாம் நம்பர்."

சம்மன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார். "லிஃப்ட் இல்லாத கட்டடம். முட்டி வலி எடுத்துச்சு. ஒன்பது. பூட்டு. நீலக் கதவு, பெயிண்ட் உரிஞ்சது."

"நீலமா?"

"எழுதியிருக்கேனே. நான் எப்பவும் கதவு நிறத்தை எழுதிக்குவேன். நம்பர் பலகையை எவனாவது கழட்டி மாத்திடுவான். கதவை மாத்த மாட்டான்."

கண்டக்டர் வராந்தாவின் கோடிக்குப் போய் போனை எடுத்தாள். "மேடம்! ஆள் மாட்டிக்கிட்டார். நீலம்னு சொல்றார். நம்ம கதவு பழுப்பு. ஏதோ வேற வீட்டுக் கதவைப் பார்த்து எழுதியிருக்கார், இல்லேன்னா வீட்டுல உக்காந்தே எழுதியிருக்கார். மனுவை ரெடி பண்ணுங்க!"

டைப்பிஸ்ட் வந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்ன சார், லாட்டரி விழுந்த வீட்டுல இழவு விழுந்த மாதிரி நிக்கறீங்க?"

"பொய் சொல்றவன் முட்டி வலியை ஏன் சொல்லணும்? அந்தக் கட்டடத்துல லிஃப்ட் இல்லைதான். வெளியிலேர்ந்தே தெரியும்னு வெச்சுக்கலாம். ஆனா முட்டி..." அவர் படியிறங்கினார். "கதவைப் பார்க்காம கதவைப் பத்திப் பேசக் கூடாது."

*

முதல் மாடியில் மூன்று கதவுகள். மூன்றும் நீலம். பழைய நீலம். பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

இரண்டாம் மாடியில் மூன்று கதவுகள். மூன்றும் நீலம்.

கண்டக்டர் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மூன்றாம் மாடியில் ஏழும் எட்டும் நீலம். ஒன்பது மட்டும் பழுப்பு. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

"சார்..."

"ம்."

"கதவை மாத்த மாட்டான்னு சொன்னாரே அந்த ஆள்."

"மாத்தலை. போர்வை போத்தியிருக்கு." டைப்பிஸ்ட் கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் போய், சுவரோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். மாடி ஜன்னலின் வெளிச்சம் கதவின் மேல் சரிந்து விழுந்தது. நடுவில், கண் உயரத்தில், ஒரு செவ்வகப் பள்ளம் தெரிந்தது. சரியாக ஒரு முழுத்தாள் அளவு. "பெயிண்ட் மேடு பள்ளத்தை மறைக்காது. நிறத்தைத்தான் மறைக்கும்."

மணியை அடித்தார்.

கதவைத் திறந்தவர் தாயின் தகப்பனார். எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். வந்தவர்கள் யாரென்று கேட்டார், உட்காரச் சொன்னார், எதிரே தாமும் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை.

"கதவுக்கு எப்பங்க பெயிண்ட் அடிச்சீங்க?" என்றார் டைப்பிஸ்ட்.

"மூணு மாசத்துக்கு முன்னால. மூணாம் தேதி. நாலு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு முடிச்சேன்."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்காம போறதுக்கா மூணு மாடி ஏறி வந்தீங்க?"

கண்டக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பெரியவர் தாமாகவே சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நடந்துட்டு வந்தேன். எதிர் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் கதவைப் படிச்சுக்கிட்டிருந்தார். என் பொண்ணு பேரு. பக்கத்துல என் பேரு. அதுக்குக் கீழே அந்த வார்த்தை. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சாத்திக்கிட்டார். முப்பத்தஞ்சு வருஷம் கடை கடையா எடைக்கல்லைச் சோதிச்சிருக்கேன். கள்ள எடை போட்டவன் கூட என் முகத்துக்கு நேரா கதவைச் சாத்தினதில்லை."

"உரிச்சீங்க."

"தண்ணி ஊத்தி ஊறவெச்சு, தகட்டால சுரண்டினேன். காகிதம் வந்துது. பெயிண்ட்டும் கூட வந்துது. கதவுல காகிதம் அளவுக்கு ஒரு கட்டம், வெறும் மரம். போறவன் வர்றவன் எல்லாம் இங்க என்ன ஒட்டியிருந்துதுன்னு கேப்பான். அதனால முழுக்க அடிச்சேன். நீலம் கடையில தீர்ந்து போச்சு."

"அந்தக் காகிதம்?"

பெரியவர் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். தம்முடைய பணி ஆணை, ஓய்வு ஆணை, அவற்றுக்கு அடியில் அந்தச் சம்மன். ஓரங்கள் பிய்ந்திருந்தன. முதுகில் நீலச் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. "அரசாங்க முத்திரை போட்ட காகிதத்தைக் கிழிச்சுப் போடறவன் நான் இல்லை."

"பொண்ணுகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போவா. போனா ரெண்டு பேரும் நாலு பேருக்கு முன்னால ஒருத்தரை ஒருத்தர் நாறடிப்பாங்க. போகலேன்னா கேஸ் நடக்காது. எங்க இலாகாவுல எதிர்த்தரப்பு வராம ஒரு கேஸையும் முடிச்சதில்லை. ஆள் வர்ற வரைக்கும் தள்ளி வைப்போம். பாதி கேஸ் தள்ளித் தள்ளியே செத்துப் போகும். இதுவும் அப்படிச் செத்துப்போகும், மாப்பிள்ளைக்கும் கோபம் ஆறும், பொண்ணு திரும்பிப் போவான்னு நினைச்சேன்."

"குடும்பக் கோர்ட்ல தள்ளி வைக்கறதில்லைங்க. வாசல்ல நின்னு பேரைக் கூப்பிடுவாங்க. மூணு தடவை. பதில் இல்லேன்னா வந்தவர் கேட்டதைக் கொடுத்துடுவாங்க. அந்த மாதிரித் தீர்ப்பு ஆயிரம் தட்டியிருக்கேன். அரைப் பக்கத்துக்கு மேல வராது."

"மூணு தடவையா?"

"மூணு தடவை."

"சத்தமாவா?"

"கட்டடம் முழுக்கக் கேக்கும்."

அப்போதுதான் பெரியவரின் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

மானத்துக்குப் பயந்தவர்களை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மானம் இல்லாதவர் கதவைச் சுரண்டியிருக்க மாட்டார். அடுத்த நிமிஷம் எழுந்து, "சட்டையை மாத்திக்கிட்டு வரேன், வக்கீல்கிட்ட நானே சொல்றேன்," என்று சொல்லியிருக்கவும் மாட்டார்.

அவர் உள்ளே போனதும் கண்டக்டர் குனிந்தாள். "சார், நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். சம்மன்காரர் நீலம்னு சொல்லட்டும். கதவு பழுப்பு. நீதிபதி என்ன, மாடி ஏறி வந்து சுவத்துல கன்னத்தை வெச்சா பார்க்கப் போறார்? அந்தக் காகிதத்தை அடுப்புல போட்டா முடிஞ்சுது. எனக்கும் விவாகரத்து ஆச்சு. ரெண்டு பேருமே போனோம். எங்க சண்டையைப் பார்த்துட்டு பத்து நிமிஷத்துல பிரிச்சு விட்டாங்க. அங்க நியாயம் எல்லாம் கிடைக்காது சார், டிக்கெட்தான் கிடைக்கும்."

"வீட்டு ரகசியத்தை நாம வெளியில சொல்ல மாட்டோம்," என்றார் டைப்பிஸ்ட். "ஆனா எரிக்கற வேலையும் நம்மது இல்லை."

*

மணி ஒன்று. வக்கீல் அம்மாவின் மேஜையில் மனு தயாராக இருந்தது. 'எங்கள் வீட்டுக்குச் சம்மன் எதுவும் வரவில்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடத் தாய் பேனாவைத் திறந்திருந்தாள். அந்த வரியின் மேல் பெரியவர் சம்மனை வைத்தார்.

அவள் முன்பக்கம் படித்தாள். திருப்பி நீலச் செதில்களைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஈரக் கதவுல என் கைப்பை பட்டுடுச்சு," என்றாள். "நீங்கதான் மண்ணெண்ணெய் வெச்சுத் துடைச்சுக் கொடுத்தீங்க."

"ஆமாம்மா."

வக்கீல் அம்மா நெற்றியைத் தேய்த்தார். "இதை ஏங்க எடுத்துட்டு வந்தீங்க? கூடக் குடியிருக்கற பெரியவர் கையில கிடைச்சா, இவ கையில கிடைச்ச மாதிரிதான். சட்டம் அப்படித்தான் பார்க்கும்."

"இந்த அறையில அஞ்சு பேர் இருக்கோம்," என்றாள் மகள். "அஞ்சு பேரும் பேசாம இருந்தா? அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு பொய். நான் சொல்றேன். நீங்க சும்மா இருந்தா போதும்."

"என் பொண்ணு பொய்ச் சத்தியம் பண்ணி வாங்கிட்டு வர்ற குழந்தையை நான் எப்படிம்மா மடியில வெச்சுக்குவேன்?"

"யாரு உங்களை மடியில வெச்சுக்கச் சொன்னா? மூணு மாசமா நீங்க பண்ணினது என்னப்பா? வாயால சொல்லலை. பெயிண்ட்டால சொன்னீங்க."

பெரியவர் சம்மனின் பிய்ந்த ஓரத்தை விரலால் நீவினார்.

வக்கீல் அம்மா அந்த வரியை அடித்தார். "தெரிஞ்சப்புறம் நான் இதைத் தாக்கல் பண்ண முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்வோம். சம்மன் ஒட்டினாங்க, அப்பா மறைச்சார், பொண்ணுக்குத் தெரியாது. நீதிபதி மனசு வெச்சா உண்டு. நூத்துக்கு அஞ்சு. அதுக்கு மேல சொன்னா நான் உன்னை ஏமாத்தறேன்."

*

இரண்டரைக்கு விசாரணை ஆரம்பித்தது. இரண்டு ஐம்பதுக்கு முடிந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார். கப்பல் கம்பெனியில் உத்தியோகம், வெளிநாட்டுக்கு மாற்றல். அவருடைய வக்கீல் எழுந்திருக்கவே அவசியம் ஏற்படவில்லை.

"உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே?" என்று பெரியவரைக் கேட்டார் நீதிபதி.

"முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்கத் தாளைத்தான் படிச்சேன்."

"இது சம்மன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"வர வேண்டிய தேதியைப் பார்த்தீங்களா?"

வக்கீல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்த்தேன். ஞாபகம் இருக்கு." தேதியையும் சொன்னார்.

நீதிபதி பேனாவை எடுத்தார். "உங்க நேர்மையைப் பாராட்டறேன். சம்மன் முறையா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. மனு தள்ளுபடி. அம்மா வேணும்னா புது மனு போட்டுக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை குழந்தையோட போன்ல பேசலாம்."

"தப்பு என்னோடது," என்றார் பெரியவர். "தண்டனையை எனக்குக் கொடுங்க."

"அதுக்கு இந்தக் கோர்ட்ல வழி இல்லை, பெரியவரே." அடுத்த வழக்கின் கட்டு மேஜைக்கு வந்தது.

*

மனு வாங்கும் ஜன்னல் கீழ்த்தளத்தில் இருந்தது. வக்கீல் அம்மா நின்றபடியே புது மனுவை நிரப்பினார். கண்டக்டர் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். முண்டியடித்த ஒருவரை, "உள்ள போங்க, உள்ள போங்கன்னு சொன்ன காலம் போச்சு, பின்னால போங்க," என்று அனுப்பினாள். அவளே சிரிக்கவில்லை.

குமாஸ்தா தாள்களைப் புரட்டினார். "எதிர்த்தரப்பு விலாசம் எழுதலையே?"

"வியாழக்கிழமை வெளிநாடு போறார்," என்றார் வக்கீல் அம்மா.

"அப்ப அந்த நாட்டு விலாசம் வேணும். விலாசம் இல்லாம சம்மன் எங்கே போகும்?"

தாய்க்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"மாப்பிள்ளை இன்னும் மாடிப்படிகிட்டதான் நிக்கறார்," என்றார் பெரியவர். "நான் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"உங்களால முடியாதுப்பா."

அவர் போனார். யாரிடமும் ஒரு கடனுக்கோ சிபாரிசுக்கோ போய் நின்றதில்லை என்று கோர்ட்டுக்கு வரும் வழியில் சொல்லிக்கொண்டிருந்தவர். டைப்பிஸ்ட் தூணருகிலிருந்து பார்த்தார். பேச்சு கேட்கவில்லை. பெரியவரின் தலை குனிந்தது. ஒரு தரம் இரண்டு கைகளும் சேர்ந்தன. மாப்பிள்ளை போனை வெளியே எடுத்தார், எதையோ யோசித்தார், திரும்பப் பைக்குள் போட்டார். இரண்டு வார்த்தை சொன்னார். படியிறங்கிப் போய்விட்டார்.

பெரியவர் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னார்?"

"இன்னும் வீடு பார்க்கலையாம். ஆபீஸ் எந்த ஊர்லன்னும் முடிவாகலையாம்."

"பொய்," என்றாள் மகள்.

"தெரியும்மா."

குமாஸ்தா மனுவை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார். "விலாசம் கிடைச்சதும் கொண்டு வாங்க. அடுத்தது யாரு?"

மனுவை வக்கீல் அம்மா வாங்கிக்கொண்டார். தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். நாளைக்கு ஒரு நாள், புதன்கிழமை காலை, அவ்வளவுதான். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பெரியவரும் கூடவே இரண்டு அடி வைத்தார்.

"நீங்க வர வேண்டாம்பா," என்றாள். திரும்பாமல்தான் சொன்னாள். "உங்களைப் பார்த்ததும் தாத்தான்னு ஓடி வந்து காலைக் கட்டிக்குவா. இன்னிக்கு என்னால அதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

அவள் வாசலைத் தாண்டிப் போனாள். பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். வரிசையில் இருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்கள்.